140 கேசட்டு, காராங்குனிக்காரரே வேணாம்னுட்டாரு

#1 காப்போக்காரன்

ரொம்ப வருசமா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன் நான், இன்னைக்கு வயித்தெரிச்சல்ல எழுதறேன், நீளமாப் போனா மன்னிச்சிருங்க.

அடுத்த மாசம் வீடு மாறுறோம், இங்க சிங்கப்பூர் ஈசூன்ல அஞ்சறை வீட்ட வித்துட்டு மூவறைக்கு. ஸ்டோர் ரூம காலி பண்றப்ப கோங் குவான் பிஸ்கட் டின் மூணு கெடச்சுது. உள்ள பூரா என் ராக் கேசட்டு, எண்ணிப் பாத்தேன் 140. டீப் பர்ப்பிள், சாபத், செப்பலின், யூரையா ஹீப், ஸ்கார்ப்பியன்ஸ், நடுநடுவுல நம்மூரு மலாய் ராக் பேண்டு ஸ்வீட் சாரிட்டி. எல்லாம் 81லேர்ந்து 86க்குள்ள வாங்கினது. ஒண்ணுகூட ஒரிஜினல் கெடையாது, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தைல, ரெண்டு வெள்ளிக்கும் ரெண்டரை வெள்ளிக்கும் விப்பானுங்களே அந்தச் சரக்குதான் (87ல காப்பிரைட் சட்டம் வந்தப்புறம்தான் அதெல்லாம் அடங்குச்சு). வீட்டுக்காரம்மா பழைய சாமான் எடுக்கற காராங்குனிக்காரரக் கூப்ட்டாங்க. அவரு பழைய பேப்பர எடுத்துக்கிட்டாரு, துருப்புடிச்ச காத்தாடிய எடுத்துக்கிட்டாரு, டின்னத் தொறந்து பாத்துட்டு ‘தா மாவ்’னுட்டாரு. டின்னு மட்டும்னா எடுத்துக்கறாராம்.

அதுகூடப் பரவால்ல. சின்னவன் பாலிடெக்னிக் மொத வருசம். 2022ல ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரியல்ல மெட்டாலிக்காவோட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் வந்துச்சுல்ல, 86ல வந்த பாட்டு, அதக் கேட்டுட்டு வந்து ‘அப்பா இந்த பேண்ட் உங்களுக்குத் தெரியுமா’ன்னான். எனக்கு வந்த சந்தோசத்துக்கு ஒடனே ஒக்காரவச்சு ஆல்பத்த முழுசாப் போட்டேன். மூணாவது பாட்டுக்கே போன நோண்ட ஆரம்பிச்சிட்டான். 2025 ஜூலைல சாபத் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் தவறினப்ப எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல, இவன் ‘ஓ, அந்த வவ்வால் தலையக் கடிச்ச தாத்தாவா’ங்கறான்.

இன்னொரு விசயம், இது வேற. டின்னுக்குப் பின்னாடி என் காப்போக் கித்தாரும் (அந்தக் காலத்து மலிவு பிராண்டு) இருந்துச்சு. புதுக் கம்பி போட்டு, பழைய ஞாபகத்துலயே காதால சுருதி சேத்து அவன்கிட்ட வாசிச்சுக் காமிச்சேன். போன்ல ட்யூனர் ஆப்ப வச்சுப் பாத்துட்டு ‘அப்பா, ஆறு கம்பியும் அரை ஸ்டெப் கம்மி’ங்கறான். ஆறும் ஒரே அளவுக்குக் கம்மியாம். இது எப்படின்னே புரியல.

சரி, கேள்வி இதுதான். இந்தப் பாட்டெல்லாம் நம்ம ஆளுங்கள்ல இனிமே யாராச்சும் கேப்பாங்களா, நம்மளோட முடிஞ்சிருச்சா? டின்ன என்ன பண்ணட்டும்?

#2 தே_ஓ_கோசோங்

அண்ணே டின்ன மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க, தீவாளிக்கு முறுக்கு போட்டு வக்க ஆவும் 😄

சீரியஸா சொல்றேன், காப்போக்குன்னு எழுதினீங்க பாருங்க, அப்பவே நான் அவுட்டு. எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல சுண்டு வெரல் போற அளவுக்கு எடைவெளி. எஃப் கார்டு புடிக்கறதுக்குள்ள வெரல் பள்ளம் பள்ளமாப் போயிரும். அதுல பழகினவன் கைல எந்தக் கித்தாரக் குடுத்தாலும் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

#3 சும்மா_வந்தேன்

கோச்சுக்காதீங்க, ஒரு உண்மையச் சொல்லட்டுமா. வெள்ளக்காரன் கத்தினத நம்மாளு ஒரு நாலு பேரு கேட்டீங்க, அதுவும் கெத்துக்கு. 81லேர்ந்து 86ன்னா ராஜா உச்சத்துல இருந்த நேரம்யா. மாசத்துக்கு எத்தன படம், எத்தன பாட்டு. அத விட்டுட்டு பைரேட் கேசட்டுல சாபத் கேட்டுட்டு இப்ப பையன் கேக்கலன்னு அழுதா என்ன அர்த்தம். நம்ம வீட்டுப் பாட்டா இருந்தா தானா எறங்கி வரும், எம்புள்ள இன்னைக்கும் ராஜா பாட்டக் கேக்குறான், நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல.

#4 காப்போக்காரன்

சும்மா_வந்தேன், கோவம்லாம் இல்ல. ஆனா ‘விட்டுட்டு’ன்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. யாரு விட்டா?

எங்க வீடு அப்ப அங் மோ கியோல, ஒம்பதாவது மாடி. வீட்டுல ஒரே ஒரு ரேடியோ கேசட்டு, அது எங்கப்பா சொத்து. வெள்ளிக்கெழமைன்னா சீர்காழி, மத்த நாள்ல எம்.எஸ்.வி., அப்புறமா ராஜா. அதுல என் கேசட்டப் போட்டா கைய ஒடச்சிருவாரு. அதனால ராக்குங்கறது எனக்கு வீட்டுக்குள்ள இருந்ததே கெடையாது. லிஃப்ட்டுல எறங்கி வாய்ட் டெக்குக்கு, அதான் ப்ளாக்குக்கு அடியில காலியா கெடக்கற தளத்துக்கு, போனாத்தான் ராக். கீழ நாலாவது தூணுகிட்ட சிமெண்ட்டு மேசை, அதுமேல பக்கத்து ப்ளாக் மலாய்க்காரக் கூட்டாளியோட செட்டு. ஆறு பெரிய பேட்டரி போடணும், காசு சேரலன்னா அன்னைக்குப் பாட்டு இல்ல. அவன் பாடுவான், நான் காப்போக்கு, இன்னொரு பையன் மேசையிலயே ட்ரம்ஸ் தட்டுவான். வரி யாருக்குத் தெரியும், கேசட்டுல அட்டைகூட ஃபோட்டோஸ்டாட்டு, காதுல விழுந்ததப் பாடுறதுதான். ராத்திரி பத்தாச்சுன்னா மூணாவது மாடி ஆன்ட்டி ஜன்னல்லேர்ந்து தண்ணி ஊத்தும். ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ கூப்ட்டுச் சொல்லும், நல்ல மனுசி.

இன்னும் ஒண்ணு கேளுங்க. 82ல பயணங்கள் முடிவதில்லை வந்துச்சு. இளைய நிலா ஆரம்பத்துல வர்ற கித்தார் இருக்கே, அத எங்கப்பா ரேடியோவுல போட்டப்ப கீழ வரைக்கும் கேட்டுருக்கு போல. நான் எறங்கி வந்ததும் அந்த மலாய்க்காரப் பையன் கேட்ட மொதக் கேள்வி, இது எந்த பேண்டு? சொன்னேன். ஒரு வாரம் விடல, அத வாசி அத வாசின்னு. எனக்கு வரவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் முழுசா வராது. ராஜா வேற ராக் வேறன்னு நாங்க பிரிக்கல சார், மாடிக்கு ஒண்ணு கீழுக்கு ஒண்ணு, அவ்ளோதான்.

#5 பழைய_நேவல்பேஸ்

தம்பிகளுக்கு வணக்கம். எனக்கு எழுபது ஆகிவிட்டது, பேரன் டைப் பண்ணக் கற்றுக்கொடுத்தான், மெதுவாகத்தான் வரும்.

செம்பவாங் நேவல்பேஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். நீங்கள் எண்பதுகளைப் பேசுகிறீர்கள், அதற்கு இருபது வருஷம் முன்பே இங்கே இந்தப் பைத்தியம் இருந்தது. 1961ல் க்ளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் தெருவுக்குத் தெரு கித்தார் கோஷ்டிதான். குவெஸ்ட்ஸ் என்று குவீன்ஸ்டவுன் பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு கோஷ்டி. 64ல் அவர்களுடைய ஷாண்டி இங்கே பீட்டில்ஸ் பாட்டையே கீழே தள்ளி முதலிடத்துக்குப் போனது. 65 பிப்ரவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் கில்மார்ட் ரோடு பேட்மிண்டன் ஹாலுக்கு வந்தார்கள். என் பெரியண்ணன் போனார், எனக்குப் பத்து வயசு, கூட்டிக்கொண்டு போகவில்லை. அதை அவர் சாகும்வரை சொல்லிக்காட்டினேன்.

என் முறை 1972ல் வந்தது. செப்பலின் வருகிறார்கள், பிப்ரவரி 14. சைக்கிளில் பேப்பர் போட்டுக் காசு சேர்த்து வைத்திருந்தேன். நீளமுடியோடு உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்களும் வெட்டமாட்டோம் என்று நேராக ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். 16ஆம் தேதி பெர்த்தில் கச்சேரி. எங்களுக்கு நாமம்.

அப்போது ஒரு போஸ்டர் ஊரெல்லாம் இருக்கும், நீளமுடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. எது நீளமுடி என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால். எனக்கு மூன்றும் பொருந்தும். ஒரு ஆபீஸில் ஒரு ஸ்டாம்ப்புக்காகக் காலையில் நின்றவன் பசியாறாமல் மதியம் வரை நின்றேன். வீட்டுக்கு வந்தால் அம்மா தேங்காயெண்ணெயைத் தேய்த்துப் பின்னால் வாரிக் கிளிப் குத்திவிட்டாள், ‘இப்ப காலரைத் தொடல பாரு’ என்று.

#6 தே_ஓ_கோசோங்

ஐயா அந்தக் கிளிப்பு போட்ட போட்டோ இருக்கா 😂😂 ப்ளீஸ்

#7 மைலாப்பூர்_டு_பொங்கோல்

நடுவுல பூந்துக்கறேன். நான் சென்னை, இங்க வந்து 17 வருஷம் ஆச்சு, பிஆர் (நிரந்தரவாசி). இந்த த்ரெட்ட படிச்சா எனக்கு ஒரு விஷயம் ஸ்ட்ரைக் ஆகுது. எங்க ஊர்ல அப்பல்லாம் ராக்குன்னாலே இங்கிலீஷ் மீடியம் பசங்க சமாச்சாரம் சார். ஐஐடி சாரங்ல ராக் ஷோ, ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்டுல ஹெட்போன் மாட்டிண்டு ஓசில கேட்டுட்டு வாங்காம வர்றது, நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க். டீக்கடைல போயி டீப் பர்ப்பிள்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பான். பாதிப் பேருக்கு அது பாட்டே இல்ல, ‘நான் உன்ன மாதிரி இல்ல’ன்னு காமிச்சுக்கற ஒரு டி-ஷர்ட்டு. நானும் அந்த டி-ஷர்ட்டு போட்ட கேஸ்தான், ஒத்துக்கறேன். ஏ.ஆர். ரகுமானே ரோஜாவுக்கு முன்னாடி நெமசிஸ் அவென்யூன்னு சென்னைல ஒரு ராக் பேண்டுல கீபோர்டு வாசிச்சவர்தான், ஆனா அந்த பேண்டப் பத்தி எங்க தெருவுல யாருக்கும் தெரியாது.

இங்க வந்து பாத்தா மலாய்க்கார டாக்சி அங்கிள் ஸ்டீயரிங்கத் தட்டிண்டே யூரையா ஹீப்போட ஜூலை மார்னிங் பாடறார். ராக் இங்க கீழ்வீட்டு சமாச்சாரமா இருந்துருக்கு, எங்களுக்கு மேல்வீட்டு சமாச்சாரம். காப்போக்காரன் சார் இழந்தது நான் இழந்தது இல்ல. எனக்கு அந்த சிமெண்ட் மேசை கெடைக்கவே இல்ல.

#8 காப்போக்காரன்

பொங்கோல் தம்பி நல்லா சொன்னீங்க. இங்க ‘மாட் ராக்’னு ஒரு கூட்டமே இருந்துச்சு, டைட் ஜீன்ஸ், வெள்ள ஷூ, தலைமுடி. அதுல நம்ம பையன்களும் நெறைய பேரு. ஸ்வீட் சாரிட்டி ரம்லி சாரிப் பாடறப்ப மலாய் தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரும் சேந்து கத்துவோம். அதே ரம்லி சாரிப்தான் 2019ல மஜுலா சிங்கப்பூராவப் புதுசாப் பாடினாரு. டீவில பாத்துக்கிட்டே இருந்தேன், வீட்டுக்காரம்மா என்னைப் பாத்துட்டு ‘தேசிய கீதத்துக்கு எல்லாம் எதுக்கு அழறீங்க’ன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது.

#9 ஈசூன்_வைப்

அங்கிள்ஸ், எனக்கு 24, அடிக்காதீங்க.

உங்க பையன் மூணாவது பாட்டுல போன எடுத்ததுக்கு அவன் மட்டும் காரணம் இல்ல. ஸ்பாட்டிஃபைல 30 செகண்டு கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. அதனால இப்ப பாட்டு போடறவங்க எல்லாம் கதவத் தொறந்ததும் சோத்தத் தட்டுல வச்சிருவாங்க. உங்க ஆளுங்க ஒரு நிமிசம் ஆர்கன் வாசிச்சிட்டு அப்புறம்தான் ‘வாங்க’ன்னே சொல்லுவாங்க. அப்படியே வளந்த காதுக்கு அது லேட்டு, அவ்ளோதான். காது கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க.

ரெண்டாவது, வாய்ட் டெக்கு எங்களுக்கும் இருந்துச்சு. எங்க செட்டுல அது ராப்பு. யோகி பி நட்சத்ரா வல்லவன் 2006ல வந்தப்ப நான் கொழந்த, ஆனா எங்க மாமா போன்ல அத போட்டுப் போட்டுத்தான் எனக்கு ராப்பே தெரியும். மடை திறந்துவ எடுத்து அவங்க பண்ணினதக் கேட்டுட்டுத்தான் நான் ராஜாவோட ஒரிஜினலுக்கே போனேன். சும்மா_வந்தேன் அங்கிள், தானா எறங்கி வரலாம்னு சொன்னீங்கல்ல, தானா வரல, கேஎல்லேர்ந்து ஒருத்தர் தூக்கிட்டு வந்து குடுத்தாரு.

மூணாவது கொஞ்சம் காரமா கேக்கறேன். நம்ம சிங்கப்பூர்ல 1992லேர்ந்து ருத்ரான்னு ஒரு மெட்டல் பேண்டு இருக்கு. நம்ம ஆளுங்கதான் ஆரம்பிச்சாங்க, சமஸ்கிருத சுலோகத்த டெத் மெட்டல்ல வச்சு வேதிக் மெட்டல்னு உலகம் பூரா பேரு. உங்கள்ல எத்தன பேரு அவங்க ஷோவுக்குப் போயிருக்கீங்க? ஒரு சிடி வாங்கியிருக்கீங்களா? ராக் செத்துப்போச்சுன்னு அழற அங்கிள்ஸ் பக்கத்து ப்ளாக்குல வாசிச்சவங்களக் கேட்டீங்களா?

#10 தே_ஓ_கோசோங்

...

#11 தே_ஓ_கோசோங்

நான் போகல தம்பி. பேரு கேள்விப்பட்டிருக்கேன், போகல. 2017ல கன்ஸ் அண்ட் ரோசஸ் சாங்கி எக்ஸிபிஷன் சென்டர் வந்தப்ப மட்டும் லீவு போட்டுட்டுப் போனேன்.

#12 காப்போக்காரன்

நானும் கன்ஸ்சுக்குத்தான். பக்கத்துல நின்ன ஆளுங்க எல்லாருக்கும் தொப்ப, பாதிப் பேரு மூணாவது பாட்டுலயே ஒக்கார எடம் தேடினாங்க. ருத்ரா சிடி இல்ல தம்பி. வாங்குறேன்.

#13 சுருதிப்பெட்டி

இந்த த்ரெட்டுல பொம்பளைங்க யாரும் எழுதல, ஏன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? வாய்ட் டெக்கு வாய்ட் டெக்குன்னு உருகறீங்களே, அங்க எங்கள யாரு விட்டா.

நான் தோ பாயோ, காப்போக்காரன் அண்ணனுக்கு ரெண்டு மூணு வயசு சின்னவளா இருப்பேன். எங்கண்ணன் ரூம்ல பூட்டிக்கிட்டு ஹெட்போன் இல்லாம போடுவான். சுவத்துக்கு இந்தப் பக்கம் அடுப்படி. நான் சாயங்காலம் வெங்காயம் உரிக்கறது, வெள்ளப்பூண்டு தட்டறது எல்லாம் சாபத்தோடதான். சனிக்கெழம காலைல சிராங்கூன் ரோட்டுல பாட்டு கிளாசு, மாயாமாளவகௌளை சரளி வரிசை. அது முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் கித்தார் கர்புர்னு. எனக்கு ரெண்டும் ஒரே வீட்டுச் சத்தம். எங்கண்ணனுக்கு ஒரு பாட்டுலயும் ரெண்டாவது சரணம் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். இருபது வருசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல எவனோ கித்தார் எடுத்து வாசிக்க ஆரம்பிச்சான், எங்கண்ணன் மொத சரணத்தோட நின்னுட்டான், நான் சும்மா இருக்காம மிச்சத்தப் பாடிட்டேன். அவன் மொகத்த நீங்க பாத்துருக்கணும். ‘நீ எப்ப கேட்ட’ங்கறான். எப்ப கேக்கல?

அப்புறம் அண்ணே, உங்க கித்தார் மேட்டரு. அரை ஸ்டெப்புன்னா நம்ம கணக்குல அரைக்கட்டை. கித்தாரோட தடிக் கம்பி மூணு கட்டைல இருக்கணும், உங்களது ரெண்டரைல நிக்குது. ஒரு தடவ மனசுல பதிஞ்ச சுருதி லேசுல போகாது. எங்க டீச்சர் சுருதிப்பெட்டி இல்லாமலே ஆரம்பிப்பாங்க, அப்புறம் போட்டுப் பாத்தா சரியா இருக்கும். உங்களுக்கு எங்கயோ ரெண்டரைல பதிஞ்சிருக்கு.

#14 ஸ்க்ரூ_டிரைவர்

டேப் டெக் ரிப்பேர் பாக்கறவன், ஹாபிதான், வேல வேற.

ஆறு கம்பியும் ஒரே அளவு கம்மின்னு ஆச்சரியப்படாதீங்க அண்ணே. மொதக் கம்பிய வச்சுத்தானே மத்ததெல்லாம் சேக்கறீங்க, மொதக் கம்பி எறங்கினா எல்லாம் எறங்கும். கேள்வி என்னன்னா அந்த மொதக் கம்பி உங்க மண்டைக்குள்ள எங்கேர்ந்து வந்துச்சு. என் கெஸ் அந்த மலாய்க்கார நண்பரோட செட்டு. அது ஸ்லோவா ஓடியிருக்கு. அரைக்கட்டை எறங்கணும்னா ஸ்பீடு கிட்டத்தட்ட 6 பர்சென்ட் கம்மியா இருந்துருக்கணும். கேசட்டு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும், உங்களுது நாலரைக்குக் கிட்ட ஓடியிருக்கு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ரப்பர் பெல்ட்டு தளந்து போயிருந்தா பாட்டு அலையும், ஒரு எடத்துல எறங்கும் ஒரு எடத்துல ஏறும், நீச்சல் குளத்துக்குள்ளேர்ந்து பாடற மாதிரி. அப்படி அலைஞ்சிருந்தா உங்க மண்டைல ஒரு சுருதி பதிஞ்சிருக்காது. ஒரே சீரா எறங்கியிருக்குன்னா அது மோட்டார். அந்தக் காலத்து மோட்டார்ல பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ, வாட்ச்சு ரிப்பேர் பண்ற ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருப்பினா ஸ்பீடு ஏறும் எறங்கும். ஃபேக்டரிலயே தப்பா வச்சிருப்பான்.

கவலப்படாதீங்க, சாபத் கித்தார்காரர் டோனி அயோமியும் எறக்கினவர்தான். ஃபேக்டரி மெஷின்ல ரெண்டு வெரல் நுனி போச்சு, கம்பிய அழுத்த வலி, ப்ளாஸ்டிக்குல தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டாரு. அப்புறம் 71ல மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டில கம்பிய ஒன்றரைக் கட்டை எறக்கிட்டாரு. அந்த கனமான சத்தம் அப்படி வந்ததுதான். நீங்க அதுல மூணுல ஒரு பங்கு சாபத் 😀

கேசட்ட எதுலயும் சட்டுனு போட்டுறாதீங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு டேப்புல வெள்ளையா பூஞ்ச புடிச்சிருக்கும், ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, மாவு தூவின மாதிரி தெரிஞ்சா போடக்கூடாது, ஹெட்டு நாசமாயிரும். நடுவுல ஒரு சின்ன பஞ்சு பேட் இருக்கும், அது பாதி கேசட்டுல கழண்டு விழுந்துருக்கும், அத ஒட்டலாம்.

#15 காப்போக்காரன்

டார்ச் அடிச்சுப் பாத்தேன். 140ல 52 பூஞ்ச. மேட் இன் ஜப்பான் தப்பிச்சிருச்சு, சாமி புண்ணியம்.

இந்த மேட் இன் ஜப்பான் கதையக் கேளுங்க. டீப் பர்ப்பிளோட 72 லைவ், ரெட்டை எல்பி, மொத்தம் ஏழு பாட்டு, ஒண்ணேகால் மணி நேரம். நம்ம பைரேட் மகராசன் அத அறுபது நிமிச கேசட்டுல அடக்கினான். எப்படி? கடைசிப் பாட்டு ஸ்பேஸ் ட்ரக்கிங் இருவது நிமிசம், அத அப்படியே தூக்கிட்டான். அப்படியும் ஏ சைடுல எடம் பத்தல, அது கடைசில சோலோ போயிட்டு இருக்கறப்பவே டக்குனு நிக்கும். மங்கி மெதுவா அடங்கறதுகூட இல்ல, கத்தரிக்கோல் வச்ச மாதிரி. எனக்கு ஸ்பேஸ் ட்ரக்கிங்னு ஒரு பாட்டு அதுல இருக்குன்னே தெரியாது, முப்பது வயசுக்கு மேல சிடி வாங்கினப்பதான் அட்டையப் பாத்து ‘ஏழா?’ன்னு முழிச்சேன்.

அந்த சிடியப் போட்டுக் கேட்டா என்னமோ ஒட்டல. எல்லாரும் பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி வேகமா வாசிக்கிறானுங்க. ரீமாஸ்டர்னு சொல்லி கெடுத்துட்டானுங்கன்னு பத்து வருசமா பாக்கறவன்கிட்ட எல்லாம் திட்டியிருக்கேன். இப்ப ஸ்க்ரூ டிரைவர் சொன்னப்புறம்தான் புரியுது, அவனுங்க ஒழுங்காத்தான் வாசிச்சிருக்கானுங்க, தப்பு எங்க மேசைல. பன்னெண்டு நிமிசப் பாட்ட நாங்க பதிமூணு நிமிசமாக் கேட்டுருக்கோம். இன்னைக்கும் அந்த சோலோ நடுவுல, கட் ஆகற எடம் வந்தா என் கை தானா எந்திரிச்சு கேசட்டத் திருப்பப் போகுது.

#16 ஈசூன்_வைப்

அங்கிள் ஒரு நிமிசம். அந்தக் கத்தரிச்ச கேசட்ட தூக்கிப் போட்டுறாதீங்க ப்ளீஸ். நான் வீட்டுல பீட்டு பண்ணுவேன். அந்த ஒரிஜினல் ஆல்பம் எந்த ஃபோன்லயும் கெடைக்கும், ஆனா உங்க கேசட்டு, அந்த ஸ்லோ ஸ்பீடு, அந்த உஸ்ஸுங்கற சத்தம், அந்த டக்குனு நிக்கற எடம், இது உலகத்துலயே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. உங்க பையன் முன்னாடி போட்டுக் காமிங்க. முழு ஆல்பம் வேணாம், அந்த நிக்கற எடத்த மட்டும்.

#17 மைலாப்பூர்_டு_பொங்கோல்

பைரசிக்கு இப்படி ஒரு அட்வகேட்டா 😄 ஆனா பாயிண்ட் இருக்கு.

#18 பழைய_நேவல்பேஸ்

போட்டோ கேட்ட தம்பிக்கு: கிளிப்போடு போட்டோ இல்லை. இருந்த ஒன்றில் என் முகத்தை மட்டும் என் மனைவி வெட்டி, அவளுடைய பாஸ்போர்ட் அளவு ஃப்ரேமில் போட்டுவிட்டாள். இருபது வருஷமாக என் தலை வழுக்கை. போஸ்டர்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

#19 சும்மா_வந்தேன்

நான் கெத்துன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன், முழுசா இல்ல, பாதி. எங்கப்பா விட்டுட்டுப் போன டி.எம்.எஸ். கேசட்டு ஒரு பெட்டி அலமாரி மேல கெடக்கு, பையன் ராஜா கேக்கறான்னு சொன்னேனே, இத ஒரு தடவகூடத் தொட்டதில்ல. நானும் தொடல. ஸ்க்ரூ டிரைவர் தம்பி, பூஞ்ச புடிச்சத தொடைக்க வழி இருக்கா?

#20 ஸ்க்ரூ_டிரைவர்

இருக்கு சார், பொறுமை வேணும். தனியா மெசேஜ் பண்ணுங்க.

#21 சுருதிப்பெட்டி

காப்போக்காரன் அண்ணே, அந்த மலாய்க்கார நண்பர் இப்ப எங்க? அவருக்கு இது தெரியுமா?

#22 காப்போக்காரன்

தங்கச்சி கேட்டதுக்கப்புறம் மனசு கேக்காம நேத்து ராத்திரி போன் அடிச்சேன். வாடகை கார் ஓட்டறான், தெம்பனிஸ்ல பேரப்பிள்ளைங்களோட இருக்கான். வருசத்துக்கு ரெண்டு தடவ பேசிக்குவோம், ஹரி ராயாவுக்கு நான், தீவாளிக்கு அவன். பாட்டப் பத்தி பேசி ரொம்ப வருசம் ஆச்சு, முட்டி வலி, சிபிஎஃப் சேமநிதி, பிள்ளைங்க கல்யாணம், இதுதான் பேச்சு.

நேரா கேட்டேன், டேய் உன் செட்டு ஸ்லோவா ஓடிச்சாமே உனக்குத் தெரியுமா, மோட்டார்ல ஒரு ஸ்க்ரூவாம், ஃபேக்டரிலயே தப்பாம். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம் சிரிக்கிறான் பாருங்க, இருமல் வர்ற வரைக்கும் சிரிக்கிறான்.

ஃபேக்டரி இல்லையாம். அவன்தான் திருப்பினானாம். மேட் இன் ஜப்பான்ல வர்ற சைல்டு இன் டைம்ல டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் கத்துவாருல்ல, மேல மேல போவாருல்ல, அந்த எடம் அவனுக்கு எட்டவே இல்லையாம், தொண்ட கிழியுமாம். பாடறவன்னு பேரு வாங்கிட்டான், எட்டலன்னு எங்ககிட்ட சொல்ல வெக்கம். அவங்க மாமா வாட்ச்சு ரிப்பேர் கடைல இருந்தாரு, அவருகிட்டேர்ந்து குட்டி ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வந்து, தனியா ஒக்காந்து, தன் தொண்டைக்கு எட்டற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பியிருக்கான். 44 வருசமா வாயே தொறக்கல படுபாவி. நான் அவன் தொண்டைக்குச் சுருதி சேத்துட்டு, பத்து வருசம் ரீமாஸ்டர் பண்ணினவனத் திட்டியிருக்கேன்.

செட்டு இன்னும் அவங்க அக்கா வீட்டுல பரண் மேல இருக்காம். ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வர்றேன்னான். எங்க புது ப்ளாக் கீழ மேசை இருக்கான்னு கேட்டான், இருக்கு, ஆனா செஸ் கட்டம் போட்டது. சின்னவனும் கீழ வர்றேங்கறான், ட்யூனர் ஆப்ப எடுத்துட்டு வராதன்னு சொல்லியிருக்கேன். கித்தார மூணு கட்டைக்கு ஏத்தி வக்கட்டுமா, அப்படியே இருக்கட்டுமான்னு கேட்டேன் கூட்டாளிகிட்ட.

‘ஏத்தறதா? எனக்கு அறுபது ஆகப்போவுதுடா, இன்னும் அரைக்கட்டை எறக்கி வை’ன்னான்.

#23 ஸ்க்ரூ_டிரைவர்

😂😂😂 அண்ணே அப்ப நானும் ஞாயித்துக்கெழம டூல்ஸோட வரட்டா? இத்தன வருசத்துல பெல்ட்டு தாரா உருகியிருக்கும், மாத்தணும்.

#24 காப்போக்காரன்

வாங்க தம்பி. பெல்ட்ட மாத்துங்க. ஸ்க்ரூவத் தொடாதீங்க.